மேலே ஒரு வரி விட்டுப்போச்சு

1

இந்தக் கதை ஒரு பயத்தில் பிறந்தது. சுங்கை பினாங் அடுக்குமாடியில், பார்வையற்ற நண்பர்கள் சிலருக்கு வெள்ளிக்கிழமைதோறும் கதை சொல்கிறவள் நான். அடுத்த வாரம் எனக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

"அப்ப எங்களுக்கு யாரு அக்கா கதை சொல்றது?" என்றார் அலாவுதீன், கூட்டத்தில் மூத்தவர்.

"பிரெயில்ல அச்சடிச்சுத் தர்றேன் தம்பி. விரலால படிங்க."

வாய் சொல்லிவிட்டது. பிரெயில் அச்சை ஓட்டும் பழைய நிரலோ புதுக் கணினியில் ஏற மறுத்தது.

2

ஷர்மினி திரையை முறைத்துக்கொண்டு—

(நிறுத்துகிறேன். ஷர்மினி யாரென்று சொல்லவில்லையே! மேல்மாடிப் பெண், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மென்பொருள் எழுதுகிறாள்.)

கணினியும் இதையேதான் கேட்டது, தங்கங்களே. சி மொழியில் எழுதிய அந்த நிரலில் uint32_t என்றொரு எண்வகை வருகிறது. பெரிய எண்களைக் கொள்வது. 'இது யார், எனக்குத் தெரியாது' என்று கணினி நின்றுவிட்டது.

ஷர்மினியைக் கெட்டிக்காரியாக மட்டுமே எழுத ஆசைதான், நீங்கள் நம்பமாட்டீர்கள். அவசரத்தில் அவள், அது ஒரு சின்ன எண்வகை என்று தானே ஒரு வரி எழுதிவிட்டாள். கணினி அடங்கியது. இந்தக் கதையின் முதல் பக்கம் புள்ளி புள்ளியாக வந்தது. கை தட்டினோம். அலாவுதீன் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இது கதையா, கோழி கிண்டுனதா?"

"ஐயோ ஆன்ட்டி! கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர், தமிழ் எழுத்தோட நம்பரெல்லாம் பெருசு. சின்ன டப்பாவுல அமுக்கிட்டேன், நசுங்கிருச்சு. மெஷின் வாய மூடிருச்சேன்னு சரியா இருக்கும்னு நெனச்சேன்."

"மெஷினா படிக்கப் போவுது? நாந்தானே படிக்கணும்லா!" என்றார் அலாவுதீன்.

3

ஷர்மினி தன் வரியை அழித்துவிட்டு, கோப்பின் உச்சியில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: #include <stdint.h>. அந்த எண்வகை யாரென்று சொல்லும் கோப்பை அழைக்கும் வரி.

"பழைய கம்ப்யூட்டர்ல வேற ஏதோ ஒரு ஃபைல் இத சத்தமில்லாம கூட்டிட்டு வந்திருக்கு ஆன்ட்டி. அதான் புரோகிராம் எழுதினவருக்கே இந்த வரி விட்டுப்போனது தெரியல."

அலாவுதீன் புதுத் தாளைத் தடவி உரக்கப் படித்தார். என் கதையை இன்னொருவர் வாயால் கேட்பது எனக்கு முதல்முறை. என்னையறியாமல் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் என் வாக்கியங்களைச் சத்தமில்லாமல் கூட்டிவந்தது உங்கள் 'ம்'தான். நன்றி என்று எங்கும் எழுதாமல் விட்டிருக்கிறேன். மேலே, முதல் வரிக்கும் முன்னால், உங்கள் பெயர்கள் இருந்திருக்க வேண்டும்.

4

முடிவு. (அ) குரல் திரும்பி, வெள்ளிக்கிழமை நானே வந்து— (ஆ) திரும்பாமல், நீங்களெல்லாம்—

இரண்டையும் அடித்துவிட்டேன். கீழே அரைத் தாள் புள்ளியில்லாமல் கிடக்கிறது, குத்தூசியும் கூடவே வைத்திருக்கிறேன். முடிவை நீங்கள் குத்துங்கள், தம்பி. எனக்குப் பிரெயில் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்து நீங்கள்தான் படித்துக் காட்டவேண்டும்.