ஒத்திகைப் பை

வகுப்பறைப் பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஏழை நாடு ஒன்றின் பள்ளிக்கூடத்துக்குச் சேவைப் பயணம் போகிற கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி. பாதிப் பேர் புத்தகப் பை கொடுக்கிறவர்கள், மீதிப் பேர் அதை வாங்குகிற அந்த ஊர்ப் பிள்ளைகள். கொடுப்பதற்குக்கூட ஒத்திகை பார்க்கிற காலம் இது! பேராசிரியை காலில் சக்கரம் கட்டிக்கொண்டதுபோல் கேமராவும் கையுமாகச் சுற்றி வந்தார். பயணச் செலவை ஏற்ற அறக்கட்டளை நல்ல நல்ல படங்களாகக் கேட்டிருந்தது.

பிள்ளைகள் வரிசையில் நின்ற ஒரு மாணவிக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர். வாய் அப்படி. விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த வீட்டுப் பெண். அவள் இந்தப் பயணத்துக்குத் தேர்வானதும் அவள் அம்மா தெரு முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டாள்.

ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டை மாணவன் அவள் தலையைத் தடவினான். "பாப்பா, உன் பேரு என்ன?" பையைக் கையில் திணித்தான், மோவாயைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பினான். நகர்ந்தான்.

"மறுபடியும்! ஏம்மா, பையைப் பாக்காத, கேமராவைப் பாரு. இன்னும் கொஞ்சம் ஏக்கமா..." என்றார் பேராசிரியை.

நான்காம் முறை அவள் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேரு என்னன்னு கேக்குறான் மேடம். நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள அடுத்த ஆள்கிட்ட போயிடுறான். அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"அங்க எவ்வளவு பிள்ளைங்க தெரியுமா? ஒவ்வொருத்தர்கிட்டயும் கதை பேசிட்டிருக்க முடியுமா? ரொம்பப் பேசினா உன் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

பட்டாசுக்கு அம்மாவின் முகம் கண்முன் வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"போட்டுக்கோங்க மேடம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நீங்க இங்க வந்து நில்லுங்க."

"நின்னா என்ன, குறைஞ்சா போயிடுவேன்?" கேமராவை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வந்து நின்றார் பேராசிரியை.

ஒட்டடைக்குச்சி சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்தான். தலையைத் தடவினான், பெயர் கேட்டான், பையைத் திணித்தான், மோவாயைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பினான். படமும் எடுத்தாயிற்று.

பேராசிரியையின் முகம் சிவந்தது. கையிலிருந்த பையை என்ன செய்வதென்று தெரியாமல் கூசிப்போய் நின்றார். பிறகு போனை எடுத்து அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரை அழைத்தார். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இத்தனை நாளில் இப்போதுதான் கேட்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் பைதான் தருகிறார்கள், உள்ளே வைக்க நோட்டுத்தான் இல்லை என்று அந்த மனிதர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

பேராசிரியை போனை வைத்தார்.

"நீ வர்றம்மா. நீ இல்லன்னா நாங்க பையைத்தான் தூக்கிட்டுப் போயிருப்போம்," என்றார் பட்டாசிடம். பிறகு எல்லோரையும் பார்த்தார். "படம் இல்லேன்னா அறக்கட்டளைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. கேக்காம கொடுக்கிற உதவி, நம்ம கழுத்துல நாமே போட்டுக்கிற மாலை. முதல்ல என்ன வேணும்னு கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க, அப்புறம் கையை நீட்டுங்க. எழுதிக்க வேண்டாம். அங்க போய் செய்யுங்க."