கதவைத் திறக்காத டேக்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ரெஜின் கேட்டதால் வந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் சபை வாலிபர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். கிறிஸ்மஸ்தோறும் சபை ஹாலில் போடும் பழைய வெளிநாட்டுப் படத்தின் சிடி தேய்ந்துவிட்டது. "நாமளே நம்ம ஊர் மாதிரி எடுத்துருவோம் சார். கதையை மாத்தி எழுதித் தாங்க" என்றான்.

படத்தின் கதை சின்னது. குடும்பத்தை விட்டுப் போன அப்பா, பல வருஷம் கழித்துக் கிறிஸ்மஸ் அன்று வந்து கதவைத் தட்டுவார். மனைவி திறப்பாள். எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

என் முதல் வரி: பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த

(நிறுத்திவிட்டேன். இங்கே டிசம்பரில் ஏதாவது கொட்டினால் அது மழைதான்.)

இரண்டாவது: துபாயிலிருந்து இறங்கிய ஜெர்சோனின் பெட்டியில்

(இவன் எதற்காக வீட்டை விட்டுப் போனான் என்றே எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் என்ன இருந்தால் என்ன?)

2

மனைவி வேஷத்துக்கு மார்த்தாள் டீச்சரைக் கேட்டோம். பாலர் பள்ளியில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் வீட்டுக்காரர் பதினான்கு வருஷத்துக்கு முன் திருப்பூர் போனவர், திரும்பவே இல்லை என்றுதான் ஊரைப் போல நானும் நினைத்திருந்தேன். அது தெரிந்தும் அவரைக் கேட்டது சரியா என்று இப்போதும் யோசிக்கிறேன். டீச்சர் உடனே சம்மதித்தார். "எங்க வீட்டுலயே எடுங்க" என்றும் சொன்னார்.

மதியம் மூன்று மணி. ஜன்னல்களை அடைத்து வீட்டுக்குள் இரவாக்கினோம். பாடகர் குழுவிலிருக்கும் ஞானஒளிவு அண்ணாச்சிதான் கணவன். வெளியே நின்று தட்டினார். ரெஜின் செல்போனில் எடுத்தான்.

டீச்சர் தாழ்ப்பாளில் கை வைத்தார். உடனே கையை எடுத்துவிட்டார்.

"நான்தான், திற" என்றார் அண்ணாச்சி.

"சாப்பிட்டீங்களா?" உள்ளிருந்தே கேட்டார் டீச்சர். நான் எழுதாத வசனம்.

"இல்லியே" என்று அண்ணாச்சி தடுமாறினார்.

டீச்சர் மேசையிலிருந்த கேக்கில் ஒரு துண்டை வெட்டிக் காகிதத்தில் மடித்தார். ஜன்னலைத் திறந்து கம்பி வழியே நீட்டினார். வெயில் உள்ளே விழுந்து எங்கள் இரவு கெட்டது.

"கதவைத் திறக்கணும்லா டீச்சர்" என்றான் ரெஜின்.

"கை போகமாட்டேங்குதே."

3

(இங்கே 'பதினான்கு வருடக் காயம்' என்று ஆரம்பித்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அது என் ஊகம். அவரிடமே கேட்டேன்.)

"நெசமாவே அவர் வந்தா இப்படித்தான் செய்வீங்களா டீச்சர்?"

"வந்தாரே தம்பி. மூணு வருஷத்துக்கு முந்தி, கிறிஸ்மஸ் அன்னைக்கு."

"நீங்க..."

"திறந்தேன். படத்துல வார மாதிரியே. சேந்து சாப்பிட்டோம். நாலு நாள் இருந்தாரு. அஞ்சாம் நாள் பால் வாங்கிட்டு வாரேன்னு போனாரு. நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல." கேக் துணுக்குகளை விரலால் கூட்டினார். "திறக்காம இருந்தா எப்படி இருக்கும்னு பாக்க ஆசை. அதான் சரின்னேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அதுவும் லேசா இல்ல."

(இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. இனி ஒவ்வொருத்தருக்கா சொல்லாண்டாம்லா" என்றார்.)

4

பிறகு ரெஜினுக்காக இன்னொரு டேக் கொடுத்தார். கதவைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்த அண்ணாச்சி வசனத்தை மறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டும் ரெஜின் போனில் இருக்கின்றன. நாளை சாயங்காலம் ஹாலில் போட வேண்டும். "எழுதினது நீங்க, நீங்களே சொல்லுங்க சார்" என்கிறான். எழுதியது நானில்லை என்பது உங்களுக்குத் தெரியும். டீச்சரிடமே கேட்டேன்.

"எதைப் போட்டாலும் வருவேன் தம்பி. முன்னால ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்க."

நாற்காலி போட்டாகிவிட்டது. எந்த டேக்கை ஓடவிட வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.