பையில் வந்த மான்குட்டி

என் மனைவியின் தம்பிக்கு டைல்ஸ் கடை இருக்கிறது. அந்தக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன ஒருநாள் அவனுக்கு விலங்குகள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அடிபட்ட காட்டு விலங்குகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று எங்கேயோ படித்துவிட்டு, முதலில் தன் அக்காவைச் சேர்த்தான். அக்கா என்னைச் சேர்த்தாள். நான் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கிரீஸும் கம்பியுமாகக் கிடக்கிறவன் ஏழாவது நாள் தூங்கினால் அது சோம்பேறித்தனம் என்று எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு உண்டு.

எங்களோடு ஒரு பல் டாக்டர் அம்மாவும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஆக ஐந்து பேர். யாரும் கேட்காமலே மச்சினன் தலைவராகிவிட்டான். நெஞ்சில் 'தலைவர்' என்று தைத்த சட்டையோடு இரண்டாவது ஞாயிறே வந்து நின்றான்.

வேலை என்று பார்த்தால் காய் நறுக்குவது, தட்டு கழுவுவது, கூண்டுக்கு அடியில் சேர்ந்ததை வாளியில் அள்ளிப் போடுவது. பேராசிரியர் கையில் கத்தியை எடுத்தால் பூசணிக்காயின் வரலாறு ஆரம்பமாகும். முடியும்போது காய் அப்படியே முழுசாக இருக்கும். பல் டாக்டர் அம்மா நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் மூக்கில் தைலம் தடவிக்கொண்டு வாசல் பக்கமே நிற்பார். மச்சினன் நறுக்கிய காயோடு போட்டோ எடுத்துக்கொள்வான். நறுக்கியது நான். லிஃப்ட் வரவில்லை என்று பொத்தானை நாலு தடவை அமுக்குகிற ஆட்களை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். இவர்கள் அதே ரகம்தான். பொத்தான் மட்டும் வேறு.

காப்பகத்தின் மருத்துவர் ஒரு கண்டிப்பான பெண்மணி. ஒருநாள் தாயில்லாத மான்குட்டி ஒன்றுக்கு அவர் புட்டிப்பால் கொடுக்க, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். "இதுக்கு நிஜமாவே அம்மா இல்ல. ஆனா இங்க வர்ற பாதிக் குட்டிங்களுக்கு அம்மா இருக்கு. புல்லுல படுக்க வெச்சிட்டு அம்மா மேயப் போயிருக்கும். நம்ம ஆளுங்க பாவம்னு தூக்கிட்டு வந்துடுவாங்க," என்றார். மற்ற நாலு பேரும் அப்போது வாசலில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது நான் ஒருவன்தான்.

பத்து ஞாயிறு முடிந்ததும், உழைத்ததற்கு நன்றி என்று காப்பகத்தார் எங்களைக் காட்டுக்குள் சஃபாரி அனுப்பினார்கள். ஐந்து பேருக்கும் அதுதான் முதல் சஃபாரி.

காலை ஆறு மணிக்குக் காப்பகத்து வாசலில் ஜீப் நின்றது. மேலே கூரை இல்லாத பழைய ஜீப். ஓட்டுகிறவரும் வழிகாட்டியும் ஒரே ஆள்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி, அளந்து பேசுகிறவர். எங்கள் கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தார். மச்சினன் உடம்பில் பதினோரு பாக்கெட் வைத்த புது உடுப்பு, கடையில் மடித்த மடிப்புக்கூட கலையவில்லை. பேராசிரியர் கழுத்தில் இரண்டு பைனாகுலர். எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்.

"ரெண்டே விஷயம்தான். சத்தம் போடக்கூடாது. நான் சொல்லாம யாரும் கீழ இறங்கக்கூடாது," என்றார் வழிகாட்டி.

"நாங்க தன்னார்வலர்கள்ங்க. எங்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதே இல்ல," என்றான் மச்சினன்.

முதல் ஒரு மணி நேரம் பார்த்தது முழுக்க மரம். பிறகு ஒரு மான்கூட்டம் வந்தது. பல் டாக்டர் அம்மா அவற்றின் கீழ்த்தாடையைப் பற்றிப் பேசினார். பேராசிரியர் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பெயர் சொன்னார். வழிகாட்டி ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் சொன்னார். அப்புறம் பேராசிரியர் மனசுக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். மச்சினன், "சிறுத்தை எப்ப வரும்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டான், ஏதோ அவன் கடைக்கு லோடு வருகிற மாதிரி.

வளைவு ஒன்றில் மரம் ஒன்று பாதையில் சாய்ந்து கிடந்தது. வண்டி சுற்றிக்கொண்டு போக முடியுமா என்று பார்க்க வழிகாட்டி இறங்கி நடந்தார். "யாரும் இறங்காதீங்க," என்று மறுபடியும் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் தலை மறைந்ததும் மச்சினன் இறங்கினான். அவசரமாம். புதருக்குள் போனவன் வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி ஓடி வந்தான்.

"அக்கா, இங்க பாரு. ஒரு குட்டி. தனியா கெடக்கு."

எல்லாரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். புல்லுக்குள் ஒரு மான்குட்டி சுருண்டு படுத்திருந்தது. காதைக்கூட அசைக்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. பல் டாக்டர் அம்மா, "ஐயோ பாவம், அம்மாவ சிறுத்தை அடிச்சிருக்கும்," என்றார். பேராசிரியர், இந்த வயதில் குட்டிக்குப் பால் இல்லாவிட்டால் ஆறு மணி நேரம்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு சொன்னார். அந்தக் கணக்கை அவர் அந்த நிமிடம்தான் உண்டாக்கினார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "எடுத்துட்டுப் போலாமாங்க? நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குத் தெரியும். மருத்துவர் சொன்ன வார்த்தை அப்படியே காதில் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. ஆனால் பத்து ஞாயிறாக அந்த நெஞ்சில் தைத்த 'தலைவர்' என்ற எழுத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஏதோ புளித்துப்போயிருந்தது. எடுத்துக்கொண்டு போகட்டும், மருத்துவர் எல்லார் முன்னாலும் நார் நாராகக் கிழிக்கட்டும், நான் ஓரமாக நின்று பார்க்கிறேன் என்று நினைத்தேன்.

"உன் தம்பிதானே தலைவர். அவன்கிட்டயே கேளு," என்றேன்.

"வழிகாட்டிகிட்ட சொல்ல வேண்டாம். ரூல்ஸ் பேசுவாங்க. நேரா காப்பகத்துல போய் சர்ப்ரைஸா குடுப்போம்," என்றான் மச்சினன். தின்பண்டம் வைத்திருந்த துணிப்பையைக் காலி செய்து, குட்டியை உள்ளே விட்டு, சீட்டுக்கு அடியில் தள்ளினான். அதற்கு முன் நாலு போட்டோ. வழிகாட்டி வந்து ஏறியபோது எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தோம்.

அரை மணி நேரம் போயிருக்கும். வெயில் ஏறியது. ஒரு பாறையடியில் வண்டியை மெதுவாக நிறுத்தி, வழிகாட்டி கையைக் காட்டினார். நிழலில் சிறுத்தை படுத்திருந்தது. ஐம்பது அடிகூட இருக்காது. நான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன். அதன் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்குவது தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு யார் மேலும் எரிச்சல் இல்லை.

சீட்டுக்கு அடியில் குட்டி கத்தியது.

சிறுத்தையின் காது திரும்பியது. அப்புறம் தலை. மறுபடியும் குட்டி கத்தியது. சிறுத்தை அவசரமே இல்லாமல் எழுந்து எங்களை நோக்கி நடந்தது.

"யாரு வண்டியில என்ன வெச்சிருக்கீங்க?" வழிகாட்டியின் குரல் மிகத் தணிவாக இருந்தது.

தலைவர் பையை இழுத்து எடுத்து என் மடியில் வைத்தார். "மாமாதான் பிடிச்சிருந்தாரு," என்றார். பத்து வாரத்தில் அவர் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு அது. பல் டாக்டர் அம்மாவின் பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்; இரண்டு பைனாகுலரும் சும்மா தொங்கின. நான் பையின் வாயை மூடி, குட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். அதன் இதயம் அடித்த அடி என் சட்டைக்கு மேல் தெரிந்தது. ஒரு பிஸ்டன்கூட அப்படி அடிக்காது.

"யாரும் எந்திரிக்காதீங்க. முதுக காட்டாதீங்க." வழிகாட்டி வண்டியைக் கிளப்பி, என்ஜினை உறும விட்டு, அப்படியே பின்னால் எடுத்தார். சிறுத்தை நின்றது. எங்களையே பார்த்துக்கொண்டு பாதை நடுவில் உட்கார்ந்தது. வளைவு மறையும் வரை அது உட்கார்ந்தே இருந்தது.

"எங்க எடுத்தீங்க?"

நான் இடத்தைச் சொன்னேன்.

சாய்ந்த மரத்தருகே திரும்பிப் போனபோது பெண்மான் ஒன்று பாதை ஓரத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் விலகி ஓடியது. வழிகாட்டி குட்டியை வாங்கி, அது கிடந்த புல்லிலேயே வைத்துவிட்டு, வண்டியை வெகுதூரம் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் குடிக்கக்கூட யாருக்கும் துணிவில்லை. கடைசியில் தாய் வந்தது. சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. குட்டி நாலு காலையும் ஊன்றித் தள்ளாடி எழுந்து அதன் வயிற்றுக்கு அடியில் தலையை முட்டியது.

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாம சேர்த்து வெச்சிட்டோம்," என்றான். நிஜமாகவே அப்படி நம்பினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வாசலில் வன அதிகாரி காத்திருந்தார். வழிகாட்டி ரேடியோவில் சொல்லியிருந்தார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். மச்சினன் பேனாவைப் பிடுங்கி, வழிகாட்டி எங்களைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டதாகவும், தகுந்த அறிவுரை எதுவும் தரவில்லை என்றும் எழுதினான். பேராசிரியர் இலக்கணப் பிழை திருத்திக் கையெழுத்துப் போட்டார். பல் டாக்டர் அம்மா படிக்காமலே போட்டார். என் மனைவி தம்பி முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டாள். தாள் என்னிடம் வந்தது.

"இது பொய்ங்க," என்றேன் அதிகாரியிடம். "இறங்காதீங்கன்னு அவங்க ரெண்டு தடவ சொன்னாங்க. குட்டியோட அம்மா பக்கத்துலதான் இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"இவங்க அசிங்கப்படுறத பாக்கணும்னு இருந்துச்சு."

அதிகாரி எழுதிக்கொண்டார். வழிகாட்டி மேல் எந்தக் குற்றமும் வரவில்லை. ஐந்து பேரும் இனி காப்பகத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து பேரும். நான் வழிகாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நன்றி சொல்வார் என்றுகூட எனக்குள் ஒரு ஆசை இருந்தது.

"அவங்களுக்குத் தெரியாதுங்க. தெரியாதவங்க செஞ்சாங்க," என்றார் அவர், ஜீப்பின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டே. "நீங்க அந்தக் குட்டிய அரை மணி நேரம் சீட்டுக்கடியில வெச்சிக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கீங்க. கொஞ்சம் நகருங்க."

நான் நகர்ந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மச்சினன் முன் சீட்டில் உட்கார்ந்து, குட்டியோடு எடுத்த போட்டோவை 'ஓர் உயிரைக் காத்த நாள்' என்று போட்டிருந்தான். நாற்பது பேர் வாழ்த்தியிருந்தார்கள். அதில் ஒருவராவது எதிலிருந்து காத்தாய் என்று கேட்டிருப்பாரா என்று கீழே வரை தள்ளிப் பார்த்தேன். இல்லை.

பக்கத்தில் மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

"நான் உங்ககிட்டதானே கேட்டேன்."

"ஆமா."

"என் தம்பி முட்டாள். அது எனக்கும் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட கேட்டேன்."

அவள் அந்தத் துணிப்பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.