சிக்மாஸுக்கு ஐந்து கொழுக்கட்டை

பானவேஜிஸ் ஊரின் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் யார் வீட்டில் செப்பலினாய் என்பது மூக்குக்குத் தெரியுமுன்பே காதுக்குத் தெரிந்துவிடும். உருளைக்கிழங்கு துருவும் மின்சார எந்திரம் போடும் ஊளை அப்படி. துருவிய கிழங்குக்குள் இறைச்சி வைத்துப் பிடிக்கும் அந்தக் கொழுக்கட்டை சிக்மாஸ் வீட்டில் வேகும்வரை பக்கத்து வீட்டு எல்வீராவுக்குப் பொறுக்காது. தட்டோடு வந்துவிடுவாள். சிக்மாஸின் கூடப்பிறந்த அக்கா; கதவைச் சாத்தவும் முடியாது. பிளாஸ்திரி ஒட்டிய விரல்களால் தட்டை நீட்டுவாள். கேட்டால் பூனை பிறாண்டியதாம். ஆறு விழுங்கிவிட்டு, "பரவால்ல, உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்பாள். சிக்மாஸுக்கு மிஞ்சுவது ஒன்று. அதுவும் பானையிலேயே உடைந்தது.

இன்று அவனுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். வயிறார ஐந்து தின்ன வேண்டும், வேறு பரிசே வேண்டாம் என்று மனைவி நியோலேயிடம் சொல்லிவிட்டான்.

"சத்தம் கேட்டா உங்கக்கா வந்து நிப்பாங்களே. கையால துருவட்டுமா?"

"விரல் தோலும் சேர்ந்து வந்துடும். நீ எந்திரத்தைப் போடு. நான் சுவத்துல டிரில் போடறேன். எது எந்தச் சத்தம்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"ஆமா, அறிவுக்கொழுந்து."

எந்திரம் ஊளையிட்டது. டிரில் அதற்கும் மேலே அலறியது. சுவரில் பழைய அலமாரி ஆணி இருந்த ஓட்டையில் சும்மா சத்தத்துக்காக வைத்து அழுத்திக்கொண்டிருந்தவன், கொழுக்கட்டை நினைப்பில் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டான். டிரில் சட்டென்று அந்தப் பக்கம் போய்விட்டது.

நியோலே பதறி எந்திரத்தை நிறுத்தினாள். ஓட்டை வழியாகப் பன்றிக்கொழுப்பு பொரியும் வாசனை வந்தது. சிக்மாஸ் கண்ணை வைத்துப் பார்த்தான். அக்கா மூச்சுவிடாமல் நின்றிருந்தாள். ஒரு கையில் கைத்துருவி. மேசையில் ஆவி பறக்க ஒன்பது கொழுக்கட்டை; மேலே இருந்த ஒன்றின் தலையில் மட்டும் சுண்ணாம்புத் தூள்.

"அக்கா, என்ன பண்றே?"

"சும்மாதான் இருக்கேன்."

"விரல்ல என்ன, பூனையா?"

அந்த வீட்டில் பூனையே கிடையாது என்பது இத்தனை வருடத்தில் இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஓட்டைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"எந்திரம் வாங்கினா நீ வந்துருவியேடா."

சிக்மாஸுக்கு அழுகைகூட வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை உடைந்த கொழுக்கட்டை. தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டான். நியோலே தொட்டுக்கொள்ளப் புளித்த பாலேட்டுக் கிண்ணத்தோடு பின்னால் நடந்தாள்.

அக்கா கதவைத் திறந்தாள். சாத்த முடியுமா என்ன, கூடப்பிறந்தவன். அவன் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று நிதானமாகத் தின்றான். ஐந்தோடு நிறுத்தவில்லை, ஆறாவதையும் முடித்தான். எல்வீரா எண்ணிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு விழுந்ததை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, சிக்மாஸ் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"பரவால்லக்கா. உப்புதான் ஒரு கல்லு கம்மி."