தலைமையாசிரியை அறைக்குள் புகுந்த கோடு

ஆறாம் வகுப்புச் சுவரில் அந்தச் சார்ட் ஏறிய நாளிலேயே கணக்கு டீச்சருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. சார்ட் என்றால் சும்மா சார்ட் இல்லை. கதவு அகலம், கதவு கனம், சுற்றிலும் மரச்சட்டம். தூக்கி வர நாலு பேர், ஆணி அடிக்க ரெண்டு பேர், "மேலே, இன்னும் மேலே, ஐயோ கீழே" என்று கத்துவதற்குப் பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்த எல்லாரும்.

யோசனை தலைமையாசிரியையுடையது. கைவண்ணம் ஓவிய மாஸ்டருடையது. இடது ஓரத்தில் 'புள்ளி' என்று எழுதிச் சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். எதிர்ச்சுவரிலிருந்து பார்த்தால் யாரோ சுவரில் ஓட்டை போட்டு வைத்தது போலிருக்கும். நடுவில் 'கோடு' என்று எழுதி, ரெண்டு விரல் தடிமனில் ஒரு சிவப்புப் பட்டை. அதன் இரு நுனியிலும் அம்புக்குறி இருந்திருக்க வேண்டும். "கண்ணைக் குத்துதுங்க" என்று மாஸ்டர் அதை எடுத்துவிட்டு நுனிக்கொரு ரோஜாப்பூ வைத்துவிட்டார். வலது ஓரத்தில் 'தளம்': நீலச் சதுரம், தங்கக்கலர் பார்டர், நாலு மூலையிலும் நாலு கிளி. கீழே கொட்டை எழுத்தில், 'பார்த்து மனப்பாடம் செய்க'.

தலைமையாசிரியை வேறு யாருமல்ல, டீச்சருடைய கணவரின் சொந்த அக்காள். வீட்டில் "அண்ணி", பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் "மேடம்". பிள்ளைகள் வைத்த பெயர் "ஸ்கேல்". கையில் எப்போதும் ஒரு நீட்டு மரஸ்கேல் இருக்கும். அதைக்கொண்டுதான் மேசையைத் தட்டுவார், ஈயை விரட்டுவார், முதுகைச் சொறிவார். தூங்கும்போதும் தலையணைக்குப் பக்கத்தில் அதற்குத் தனியாக ஒரு சின்னத் தலையணை உண்டு என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள்.

வினை பரீட்சையில் வந்தது. டீச்சருடைய 'ஏ' பிரிவை விட்டுவிட்டு, ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்குத் தலைமையாசிரியையே சார்ட்டைக் காட்டிப் பாடம் நடத்தி, தானே கேள்வித்தாள் தயாரித்து, தானே திருத்தினார். 'கோடு என்றால் என்ன?' என்பதற்கு ஒரே ஒரு பெண்ணைத் தவிர மொத்த வகுப்பும் நூல் பிடித்தாற்போல் ஒரே பதிலை எழுதியிருந்தது: 'கோடு சிவப்பாக இருக்கும். அதன் நீளம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.'

அந்த விடைத்தாள் கட்டை அள்ளிக்கொண்டு டீச்சர் தலைமையாசிரியை அறைக்குள் போன வேகத்தில் காலண்டர் தாள்கள் தாமாகவே அடுத்த மாதத்துக்குப் புரண்டன.

"அண்ணி, இது கோடே இல்லை."

"மேடம்."

"மேடம், இது கோடே இல்லை."

"பின்னே என்ன, பாம்பா?"

"கோட்டுத்துண்டு. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் முடிவே கிடையாது. பிள்ளைங்க அளந்து அறுபத்திரண்டுன்னு எழுதியிருக்காங்க, நீங்க டிக் போட்டிருக்கீங்க!"

"சரியாத்தானே அளந்திருக்காங்க? நானும் அளந்து பாத்துட்டுத்தான் டிக் போட்டேன்."

"அறுபத்தொண்ணரைன்னு எழுதின பொண்ணுக்கு அரை மார்க்கு வேற குறைச்சிருக்கீங்க!"

"பின்னே? கண்டிப்பு வேண்டாமா?"

டீச்சர் விடைத்தாள் கட்டை நாற்காலியில் பொத்தென்று போட்டார்.

தலைமையாசிரியை முட்டாள் இல்லை. அவருக்கென்று ஒரு நியாயம் இருந்தது. ஸ்கேலை மேசைமேல் வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்.

"இதோ பாரு. முடிவே இல்லாத ஒண்ணை எப்படிப் பரீட்சையில கேக்கிறது? கேட்டா எப்படித் திருத்துறது? பள்ளிக்கூடம்னா ஒரு மணி அடிச்சு ஆரம்பிக்கணும், ஒரு மணி அடிச்சு முடியணும். வெள்ளிக்கிழமை நீ மாதிரி வகுப்பு எடுக்கிறே. எல்லா டீச்சரும் வந்து உக்காருவாங்க. அந்தச் சார்ட்டை வச்சு நடத்தினா ஆறாம் வகுப்பு உனக்கு. இல்லேன்னா திங்கட்கிழமையிலேர்ந்து கணக்கை ஓவிய மாஸ்டர் பாத்துக்குவார். நீ கைவேலை வகுப்புல பொத்தான் தைக்கச் சொல்லிக் குடு."

பொத்தான்! ஆறாம் வகுப்பைப் போல ஒரு வகுப்பு டீச்சருக்கு உலகத்தில் கிடையாது. ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் புத்திசாலி ஆகிவிடுவார்கள், எட்டில் கொட்டாவி விடுவார்கள். ஆறில்தான், 'இந்தக் கோடு போய்க்கொண்டே இருக்கும்' என்று முதல் தடவை சொல்லும்போது வாய் தானாகத் திறக்கும். அந்தத் திறந்த வாய்களைப் பார்க்கத்தான் அவர் ஜுரத்திலும் பள்ளிக்கூடம் வந்தார். அதை ரோஜாப்பூவுக்கும் கிளிக்கும் விட்டுக்கொடுப்பதா?

வீட்டில் கணவரிடம் சொன்னார். அந்த மனிதர் மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் மத்தளமாகி, ரெண்டு பக்கமும் அடி வாங்கித் தோலே பழுத்துப்போனவர்.

"அக்கா சொல்றதை ஒரு நாள் கேட்டுட்டுப் போயேன். சார்ட்டை வச்சு நடத்தினா என்ன குடியா முழுகிடும்?"

"சரி. சார்ட்டை வச்சே நடத்தறேன்."

கணவர் நிம்மதியாக மூச்சு விட்டார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பின் பின்பெஞ்சுகளில் ஆசிரியர்கள் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியைக்கு மட்டும் கை வைத்த நாற்காலி. பக்கத்தில், முகத்தில் மாப்பிள்ளைக் களையோடு ஓவிய மாஸ்டர்.

டீச்சர் சார்ட்டின் கறுப்பு வட்டத்தைக் காட்டினார். "இது என்ன?"

"புள்ளீ!" என்று வகுப்பே கோரஸ் பாடியது. தலைமையாசிரியை தலையை ஆட்டினார்.

"சரி. நான் இந்தப் புள்ளியில வந்து நிக்கச் சொன்னா, ஒரு எறும்பு எங்க வந்து நிக்கும்?"

கோரஸ் நின்றுபோனது. வாயாடி என்று பேர் வாங்கிய முதல்பெஞ்சுப் பெண், "எந்த ஓரத்துல டீச்சர்? அதுல ஒரு எறும்புக் கல்யாணமே நடத்தலாமே!" என்றாள்.

"அதான். 'இங்கே'ன்னு சொன்னா ஒரே இடம்தான் இருக்கணும். இது இவ்வளவு பெரிசா இருந்தா எந்த 'இங்கே'? அதனால வட்டத்தைச் சின்னதாக்கு. இன்னும் சின்னதாக்கு. ஊசி முனையும் பெரிசுதான். புள்ளிக்கு உடம்பு கிடையாது, விலாசம் மட்டும்தான். நாம வைக்கிற பொட்டு, அது இருக்கிற இடத்தைக் காட்டுற அடையாளம்."

பின்பெஞ்சில் யாரோ ரகசியமாக, "இவ்வளவு நாளா எனக்கும் தெரியாது" என்றார்கள். ஸ்கேல் நாற்காலிக் கையை ஒரு தட்டுத் தட்டியது.

"இப்போ கோடு. இந்தச் சிவப்புப் பட்டையோட நடுவுல ரெண்டு புள்ளி வைக்கிறேன். ரெண்டு வழியாவும் எத்தனை நேர்க்கோடு போட முடியும்?"

வாயாடி கண்ணை மூடி யோசித்தாள். "ஒண்ணுதான் டீச்சர். கொஞ்சம் திருப்பினாலும் ஒரு புள்ளி கழண்டுக்குது."

"ஒண்ணே ஒண்ணு. அது எங்க போய் முடியும்?"

"ரோஜாப்பூவுல!" என்றது 'பி' பிரிவிலிருந்து இரவல் வந்த ஒரு குரல்.

"பூ வந்தா நிக்குமா? நிறுத்த அதுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

டீச்சர் மேசை டிராயரிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். நூலில் சாக்பீஸ் பொடியை அப்பினார். ரெண்டு பிள்ளைகள் பெஞ்சில் ஏறி ஆளுக்கொரு நுனியைப் பிடித்துச் சுவரோடு இழுத்தார்கள். டீச்சர் நடுவில் நூலைச் சுண்டி விட்டார். டங்! சிவப்புப் பட்டை ரோஜாவைத் தாண்டி, கிளிகளுக்கு நடுவே புகுந்து, மரச்சட்டத்தில் ஏறி இறங்கி, வெறும் சுவரில் வெள்ளையாக நீண்டது.

ஆறாம் வகுப்பின் வாய் திறந்தது.

"டீச்சர், ஜன்னல் வந்துடுச்சு!"

"வந்தா என்ன?"

"சுவர் இல்லையே!"

"சுவர்தான் இல்லை. கோடு இருக்கு. நூலைப் பிடிங்க!"

ஜன்னலின் வெட்டவெளியில் நூல் கோடாக நின்றது. அதற்கப்பால் குறுக்குச்சுவர். டீச்சர் துடைப்பக் கட்டையில் தரையிலிருந்து கோட்டின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். "குறுக்குச்சுவருக்குள்ளேயும் அது போயிட்டுத்தான் இருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் தெரியலை. அந்தப் பக்கம் போய்ப் பிடிப்போம். வாங்க!"

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லா அறைகளுக்கும் பின்சுவர், அதாவது சார்ட் மாட்டிய சுவர், ஒன்றுதான், ரயில்பெட்டி மாதிரி. ஆறாம் வகுப்புக்கு அடுத்து பொருள் அறை. அதற்கடுத்து என்ன என்று எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே நொடியில் நினைவு வந்தது. பின்பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில் முழங்கால்கள் இடித்த சத்தம் வாணவேடிக்கை போலக் கேட்டது. யாரும் வலியைப் பொருட்படுத்தவில்லை. இதைப் பார்க்காமல் இருந்தால் ஜென்மம் சாபல்யம் அடையாது.

பொருள் அறையில் கட்டை ரெண்டு இடத்தில் உயரம் குறித்தது, நூல் சுண்டியது, கோடு விழுந்தது. உடைந்த உலக உருண்டையும் காற்றுப்போன பந்துகளும் ஒதுங்கி வழிவிட்டன. ஊர்வலம் வெளியே வருவதற்குள் தலைமையாசிரியை முந்தி ஓடித் தன் அறைக்குள் நுழைந்து, பின்சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

"இதோட நிறுத்து. இது என் ரூம். கோடு இங்க முடியுது."

"அதை நான் முடிவு பண்ண முடியாது மேடம்."

"பின்னே யாரு முடிவு பண்றா?"

"அந்த ரெண்டு புள்ளி. அதை வச்சப்பவே எல்லாம் முடிவாயிடுச்சு. உங்க ரூமுக்கு வரணும்னு நான் ஆசைப்படலை. ஆனா உங்களைச் சுத்திப் போனா அது கோடு இல்லை."

"நான் நகர மாட்டேன்!"

"நகரவே வேண்டாம். இருங்க."

அவருக்கு இடப்பக்கம் ஒரு சுண்டு, வலப்பக்கம் ஒரு சுண்டு. எல்லாரும் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்கள். வெள்ளைக்கோடு தலைமையாசிரியையின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே வந்துகொண்டிருந்தது. நாம் சொல்வதெல்லாம் அப்படித்தான் போகிறது என்று இத்தனை வருஷமாக ஆசிரியர்கள் முணுமுணுத்ததை அன்றைக்குக் கண்ணாலேயே பார்த்தார்கள். அறிவியல் டீச்சர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைக் கடித்தார். கைக்குட்டை கிழிந்தது.

தலைமையாசிரியை கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஸ்கேலை உயர்த்தி வகுப்பைப் பார்த்தார். "பிள்ளைங்களா! கோட்டின் நீளம் எவ்வளவு?"

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் உயர்ந்தால் கோரஸ் வரும். வராமல் இருந்ததில்லை. அன்றைக்கு வரவில்லை.

வாயாடி மெதுவாகக் கையைத் தூக்கினாள். "மேடம், சொல்ல முடியாது. ஏன்னா அந்தப் பக்கம் நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

"ஐயோ, ஆமா!" என்றது ஆறாம் வகுப்பு. "கோடு ரெண்டு பக்கமும் போகுமே!" நூல், கட்டை, சாக்பீஸ் பொடி சகிதமாகத் திரும்பி, ஆசிரியர் ஓய்வறை இருக்கும் எதிர்த்திசைக்கு ஓடியது. 'பி' பிரிவு இரவல் குரல் எல்லாருக்கும் முன்னால் ஓடியது.

அறையில் ஆசிரியர்கள் மட்டும் மிஞ்சினார்கள். தலைமையாசிரியை சுவரை விட்டு வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொன்ன சொல் சொன்னதுதான். திங்கட்கிழமையிலேர்ந்து நீ பொத்தான். மாஸ்டர், ஆறாம் வகுப்பை நீங்க எடுத்துக்குங்க."

ஓவிய மாஸ்டரின் மாப்பிள்ளைக் களை எப்போதோ வடிந்திருந்தது. "மேடம், அதுங்க இப்போ எங்க ஓடுதுங்கன்னு பாத்தீங்களா? நான் உள்ளே போய் நின்னா மொதல்ல கிளிக்குக் கணக்கு கேக்கும். என்னால ஆகாது. பொத்தானை வேணும்னா நானே தைச்சுக்கறேன்."

"வேற யாரு எடுக்கிறீங்க?"

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அந்தக் கூரைக்கு அப்படியொரு மரியாதை அதுவரை கிடைத்ததே இல்லை.

டீச்சர் கையிலிருந்த பொடியைத் தட்டினார். "நான் எடுத்துக்கறேன் மேடம். ஆனா சார்ட்டை இறக்கிடணும். இல்லேன்னா பொத்தானே குடுங்க. பொத்தான்ல எத்தனை ஓட்டைன்னாவது பிள்ளைங்க சரியாச் சொல்லட்டும்."

தலைமையாசிரியை அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சுவரில் தன் தலை இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே கோட்டில் ஒரு தலையகல இடைவெளி விட்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கே அது பொறுக்கவில்லை. பரீட்சைத்தாளில் ஒரு கேள்வியை விட்டுவிட்டதுபோல் உறுத்தியது. சட்டென்று எழுந்தார். மரஸ்கேலைச் சுவரில் வைத்தார். மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து, ஒரே இழுப்பில் இடைவெளியை அடைத்தார். கண்டிப்பான கோடு, ஒரு மயிரிழை பிசகவில்லை.

"ஆறாம் வகுப்பை நீயே வச்சுக்க. சார்ட்டை இறக்கச் சொல்றேன்." பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார். "திங்கட்கிழமை தளம்தானே? அதையாவது என் ரூமுக்குக் கொண்டு வராம நடத்து."

"அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது அண்ணி," என்றார் டீச்சர். "ஒரே கோட்டுல இல்லாத மூணு புள்ளியைப் பிள்ளைங்க எங்க வைக்குதோ, அதுதான் தளம் எங்க போகும்னு முடிவு பண்ணும்."

இந்தத் தடவை தலைமையாசிரியை "மேடம்" என்று திருத்தவில்லை.