தீவில் விட்ட மாலுமி

கப்பலிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் மெலூர் கரையில் குவித்திருந்த இரும்புக் கட்டிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அவன் கீரன். கடலுக்கு அப்பால் மேற்குக் கரைக்காரன். செத்துப்போனான் என்று கடாரத்துத் துறை முழுக்க நம்பியிருந்தது. நம்ப வைத்தவளே அவள்தான்.

போன பருவத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கண்டது. கப்பல்காரர்கள் வாடைக்காற்று தவறிவிடும் என்று அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். ஊர்க்காரர்கள் அவனைக் கழிமுகத்துத் தீவில் ஒரு குடிசை போட்டுக் கிடத்தினார்கள். "சோறு நான் கொண்டுபோறேன்" என்று மெலூர்தான் எல்லார் முன்னாலும் சொன்னாள். கப்பல்காரர்களுக்குச் சமைத்துப்போடும் வீடு அவளுடையது.

சில நாள் கொண்டுபோனாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்கவே பயமாகிவிட்டது. பாதி வழியில் படகை நிறுத்திச் சோற்றை ஓடையில் கொட்டிவிட்டு, வெறும் சட்டியோடு திரும்புவாள். "சாப்பிட்டானா?" என்று புருஷன் சுலோங் கேட்பான். "சாப்பிட்டான்" என்பாள். கடைசியில் ஒருநாள், தீவில் காலே வைக்காமல் திரும்பி வந்து, "ஆளைக் காணோம், முதலை இழுத்துட்டுப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கீரன் வீடு தேடி வந்தான். முகமெல்லாம் தழும்பு. பின்னாலேயே பாதித் துறை வந்தது. சிவப்புக் கல் கோத்த ஒரு சூதுபவள மாலையை எடுத்து அவள் கையில் வைத்துக் காலில் விழுந்தான்.

"அக்கா, நீ வர முடியலேன்னாலும் படகுக்காரங்க கையில சோறு குடுத்தனுப்பினியே! அவங்கதான் தெற்கே ஒரு கப்பல்ல ஏத்தி விட்டாங்க. இல்லேன்னா அங்கேயே நாறியிருப்பேன்."

"அடிப்பாவி, எங்ககிட்டகூட மறைச்சிட்டியே!" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வாய் பிளந்தார்கள். சுலோங்குக்குப் பெருமை தாங்கவில்லை. மாலையை அவனே அவள் கழுத்தில் போட்டுவிட்டான். மெலூர் வாயைத் திறந்தாள். அடுப்பில் மீன் தீய்கிறது என்று உள்ளே ஓடினாள்.

மறுநாள் படகுக்குடியைச் சேர்ந்த ஈத்தாம் அரிசிக்கு மாற்றக் கருவாடு கொண்டுவந்தாள். பிறந்தது முதல் படகிலேயே வாழ்கிறவள். மாலையைப் பார்த்துச் சிரித்தாள்.

"உனக்கு எடுப்பா இருக்கே!"

மெலூருக்கு விளங்கிவிட்டது. "நீதானா?"

"நான் மட்டுமா? எங்க படகுல எல்லாருந்தான். நாங்க குடுத்தா அந்த மகராசன் வாயைத் திறக்க மாட்டேன்னான். மருந்து வெச்சுக் கொன்னுடுவோமாம்! மெலூர் குடுத்தனுப்பினான்னு சொன்னதுக்கு அப்புறந்தான் தின்னான். நீ ஓடையில கொட்டினதைப் பார்த்துட்டுத்தானே நாங்க தீவுக்கே போனோம்."

மெலூர் மாலையைக் கழற்றி நீட்டினாள்.

"எனக்கெதுக்குடி? இதைப் போட்டுக்கிட்டுச் சிப்பிக்கு முங்கினா பாறையில மாட்டிச் சாவேன். அரிசி போடு, நேரமாச்சு."

மெலூர் அரிசி போடவில்லை. ஈத்தாமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். கீரன் பாய்மரத்துக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"கீரா, நான் ஒண்ணும் அனுப்பலே. உன் சோத்தை ஓடையில கொட்டினேன். உன்னைக் காப்பாத்தினது இவதான்."

அவன் ஈத்தாமை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"பாருங்கப்பா!" என்று கூட இருந்தவர்களைக் கூப்பிட்டான். "செஞ்ச உதவியைக்கூட அடுத்தவங்களுக்குத் தூக்கிக் குடுக்குறா. இப்படி ஒரு மனசை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"நிஜமாத்தான் சொல்றேன்டா!" என்று மெலூர் கத்தினாள். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். ஒருவன் அவளைக் கும்பிட்டான்.

ஈத்தாம் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "விடு. எங்க சோத்தைத் தின்னுதான் பிழைச்சேன்னு ஒத்துக்க அவனுக்கு மனசு வராது. வா, என் அரிசியைப் போடு."

வீடு வரும்வரை மெலூர் தலை நிமிரவில்லை. அடுத்தடுத்த பருவங்களில் மேற்கிலிருந்து வந்த மாலுமிகள் கரை இறங்கியதுமே, நோயாளிக்குச் சோறு அனுப்பிய அந்த மகராசி வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அவள் அவர்களுக்கு வயிறு நிறையச் சமைத்துப்போட்டாள். பரிமாற மட்டும் சுலோங்கை அனுப்பினாள்.