காலி நாற்காலிக்கு ஒரு நிமிடம்

பேருந்தில் அறுபது பேர் நெருக்கியடித்து நின்றாலும் டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் செக்கர். இருபத்திரண்டு வருடப் பரிசோதகர் வேலை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது இரண்டே இரண்டு. ஒன்று, ஹாரன் சத்தத்தில் பாதி போன காது. இன்னொன்று, பெற்ற தாயே வந்து சொன்னாலும் நம்பாத குணம். வீட்டிலும் அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். கோபம் வந்தால் மனைவி அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுக்குக் கோபம் அடிக்கடி வரும்.

மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அந்தக் குணம் தலைக்கு மேல் போய்விட்டது. நர்ஸ் மருந்து ஏற்ற வந்தால் பாட்டிலைப் பிடுங்கித் தேதி பார்ப்பார். டாக்டர் ஃபைலை மூடினால் ஏன் மூடினார், சிரித்தால் எதற்குச் சிரித்தார். போன வாரம்தான் எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்திருந்தார்கள். நோய் அடங்கியதா இல்லையா என்று அந்த ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை வரும் என்றார்கள். வந்துவிட்டது, மறைக்கிறார்கள் என்றார் செக்கர்.

இந்த நேரம் பார்த்தா படக்காரர்கள் வந்து சேர வேண்டும்? சிகிச்சைக்கு வழியில்லாத நோயாளிகளுக்கு உதவுகிற ஒரு அறக்கட்டளையாம். நாலு நோயாளிகளின் கதையைப் படம் எடுத்து, நிதி திரட்டும் கூட்டத்தில் போட்டுக் காட்டுவார்களாம். மகளுக்கு வயது பத்தொன்பது. கேட்ட மாத்திரத்தில் சரி என்று கையெழுத்துப் போட்டாள். அவள் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண் ஒருத்தி, பணம் கட்ட முடியாமல் பாதி சிகிச்சையில் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அதை மகள் மறக்கவில்லை.

“நம்ம கண்ணீரைப் படம் புடிச்சு நாலு பேருக்குக் காட்டப் போறாங்க,” என்று முறுக்கிக்கொண்டார் செக்கர்.

“நீங்க அழுதாத்தானே புடிக்க முடியும்? எங்க அழறீங்க, சண்டைதான் போடறீங்க,” என்றாள் மனைவி. அவள் சொன்ன ஒரே காரணத்துக்காக அவரும் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிய இயக்குநர் அம்மா, வாயே திறக்காத கேமராக்காரர், காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டிய சவுண்டுக்காரர். வந்ததும் மின்விசிறியை நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள். பிறகு பெற்றவர்கள் இருவரையும் அடுப்படிக்குப் போகச் சொன்னார்கள்.

“எங்க பொண்ணு பேசறதை நாங்க ஏன் கேக்கக் கூடாது?”

“நீங்க முன்னாடி இருந்தா உங்க முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் பேசுவாங்க சார். எல்லா வீட்டுலயும் இப்படித்தான்,” என்றார் இயக்குநர்.

எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று எவன் சொன்னாலும் அவன் டிக்கெட் எடுக்கவில்லை என்பது செக்கரின் சித்தாந்தம். கதவில் காதை வைத்தார். நல்ல காதைத்தான் வைத்தார். முணுமுணுப்பைத் தவிர ஒன்றும் விழவில்லை. முக்கால் மணி கழித்து மகள் வெளியே வந்தாள். “அசதியா இருக்குப்பா, படுக்கறேன்,” என்று உள்ளறைக்குப் போனாள். கண் சிவந்திருந்தது.

செக்கர் விறுவிறுவென்று கூடத்துக்குள் நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மகள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. அவள் முதுகுக்கு வைத்திருந்த தலையணை அப்படியே கிடந்தது. கேமரா அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதன் முன்னால் கையைக் கட்டி, தலையைக் குனிந்து, ஆடாமல் அசையாமல் நின்றார்கள். செக்கரைப் பார்த்த சவுண்டுக்காரர் உதட்டில் விரலை வைத்தார். கடிகார முள் ஒரு சுற்று முழுக்கப் போயிற்று. “போதும், நன்றி,” என்றார் இயக்குநர். உடனே எல்லோரும் மூச்சுவிட்டு, ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

செக்கருக்குப் பணிமனை ஞாபகம் வந்தது. போன வருடம் அங்கே ஒரு ஓட்டுநர் இறந்தபோது இப்படித்தான் நின்றார்கள். இதே ஒரு நிமிடம். இதே குனிந்த தலை. முடிந்ததும் மேலாளர் சொன்னதும் இதே நன்றிதான்.

அவர்கள் போன பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தால் மகளின் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் யாருடைய கார் சாவியோ சில்லென்று உட்கார்ந்திருந்தது. கேட்க வேண்டுமா! சாவியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்துப் பெட்டியை எடுத்து முகர்ந்தும் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் சவுண்டுக்காரர் மூச்சிரைக்க வந்து, “மறந்துட்டேன் சார்,” என்று சாவியை வாங்கிக்கொண்டு, ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டு ஓடினார்.

“அவங்களுக்கு ரிப்போர்ட் தெரியும்,” என்றார் செக்கர் மனைவியிடம். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “ஆஸ்பத்திரில அவங்ககிட்ட சொல்லிட்டாங்க. பொண்ணு இருக்கும்போதே அஞ்சலி செலுத்திட்டுப் போறாங்கடி.”

மனைவி அதட்டத்தான் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

செவ்வாய் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நர்ஸ் வியாழன் என்றாள். டாக்டரும் வியாழன் என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதே அவருக்குச் சந்தேகத்தை வலுவாக்கியது. புதன்கிழமை காலை சீருடையோடு படக்காரர்களின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி மாட்டிய சின்ன அறை. இயக்குநரும் சவுண்டுக்காரரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“என் கையெழுத்தைத் திருப்பிக் குடுங்க. படம் வேண்டாம்.”

“என்னாச்சு சார்?”

“என்னாச்சா? உயிரோட இருக்கற பொண்ணுக்கு ஒரு நிமிஷ மௌனமா? ரிப்போர்ட்ல என்ன இருக்கு? பெத்தவன்கிட்ட சொல்லுங்கய்யா!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் விளங்கியது சவுண்டுக்காரருக்குத்தான். எழுந்து தன் ஹெட்ஃபோனை எடுத்து, அனுமதி கேட்டு, செக்கரின் காதில் மாட்டினார்.

“கேளுங்க சார். இது உங்க கூடம். யாரும் பேசாதப்ப அது போடற சத்தம். ஒவ்வொரு ரூமுக்கும் ஒண்ணு உண்டு. பேச்சை வெட்டி ஒட்டற இடத்துல இதைப் போடலன்னா காது அடைச்ச மாதிரி இருக்கும். அதான் எங்க போனாலும் ஒரு நிமிஷம் மூச்சைப் புடிச்சிட்டு நிப்போம். ஃபிரிட்ஜ் உறுமினா இதுல விழும், அதான் நிறுத்தறோம். திரும்பப் போட மறந்துடக் கூடாதுன்னு கார் சாவியை உள்ள வைப்பேன். சாவி இல்லாம வீட்டுக்குப் போக முடியாதில்ல?”

செக்கர் கேட்டார். லேசான இரைச்சல், தூரத்தில் ஒரு வண்டி, நடுவில் கதவு திறக்கும் சத்தம், தாம் மூச்சு வாங்குவது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் செக்கர் செக்கர்தானே, சும்மா விடுவாரா?

“அப்போ அவ கண்ணு ஏன் சிவந்திருந்தது? என்ன பேசினான்னு எனக்குக் காட்டுங்க.”

“அவங்ககிட்டக் கேக்காம காட்ட முடியாது சார்,” என்று இயக்குநர் போனை எடுத்தார். “அப்பா வந்திருக்கார்மா. முழுசும் பாக்கணுமாம்.” பிறகு இயக்குநர் தலையசைத்தார். “காட்டலாமாம்.”

திரையில் மகள் வந்தாள். தலையில் துணி கட்டிக்கொண்டு, தலையணையில் சாய்ந்து, சிரித்த முகமாக.

“எங்க அப்பா எல்லாரையும் சந்தேகப்படுவார். பாவம், நோயை அடிக்க முடியல, அதான் ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் சண்டை. என்னை மட்டும் சந்தேகப்படவே மாட்டார். அதனால அவரை ஏமாத்தறது ரொம்ப சுலபம்.” சிரிப்பு நின்றது. “அந்த மஜ்ஜை ஊசி இருக்கே, வலின்னா அப்படி ஒரு வலி. எலும்புக்குள்ள இருந்து எதையோ புடுங்கற மாதிரி. கத்தணும்போல இருக்கும். ஆனா அப்பா கதவுக்கு வெளியில நிப்பார். கத்தினா டாக்டர் சட்டையைப் புடிப்பார். அதனால துணியைக் கடிச்சுப்பேன். அப்புறம் பாத்ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு முகத்தைச் சரிபண்ணிட்டு வெளிய வருவேன். ‘வலிச்சுதா’ன்னு கேப்பார். இல்லப்பான்னு சொல்லுவேன். அவர் நம்பிடுவார்.”

அறுபது பேரில் ஒருவனைக் கண்டுபிடிக்கிற மனுஷர். எட்டு மாதம், ஒரே ஒரு முகம். செக்கர் சீருடைத் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இயக்குநர் எழுந்து வெளியே போனார். கேமராக்காரர் அன்று வராதது நல்லதாகப் போயிற்று.

“இந்த இடத்தை வெட்டிடலாம் சார். நீங்க சொன்னா படத்தையே நிறுத்திடலாம்,” என்றார் சவுண்டுக்காரர்.

“வேணாம். எல்லாரும் பாக்கட்டும்,” என்றார் செக்கர். “என்னை மாதிரி எத்தனை முட்டாள் கதவுக்கு வெளியில நிக்கறானோ.”

வீட்டுக்கு வந்தபோது மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் வழக்கமான சிரிப்பை எடுத்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

“இப்ப வலிக்குதா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “வலிக்குதுப்பா.”

“எங்க?”

“விடுப்பா.”

“எங்கன்னு காட்டு.” செக்கர் அவளுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

மகள் அருகே நகர்ந்தாள். பிறகு அவருடைய இடுப்பெலும்பின் மேல் ஒரு விரலை வைத்தாள். “இங்க. இந்த எலும்புல.”

“அழுத்து.”

“உனக்கு வலிக்கும்பா.”

“வலிக்கட்டும். அழுத்தும்மா.”

அவள் அழுத்தினாள். முதலில் மெதுவாக, பிறகு விரல் வெளுக்கும் அளவுக்கு, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ள பலத்தையெல்லாம் போட்டு. எட்டு மாதமாக அடக்கிவைத்த அலறல் அப்போதுதான் வெளியே வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். செக்கர் திரும்பவே இல்லை. நகராமல் உட்கார்ந்து, அவள் கத்தி முடிக்கும்வரை கேட்டார்.